மேஜரின் கழுத்துப் பட்டை

1

மலாயா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்கி, இப்போது சுன்னாகத்தில் புது வீடு கட்டிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். சென்னப்பட்டணத்தில் நல்ல சாதி நாய்க்குட்டி கிடைக்குமா, வாங்கி அனுப்ப முடியுமா, அது பிரயோசனமான செலவுதானா என்று கேட்கிறார். பென்ஷன் கையில் கிடைத்தால் மனுஷனுக்கு எத்தனையோ ஆசை வரும். இவருக்கு நாய் ஆசை வந்திருக்கிறது. இவரைப்போல இன்னும் சிலர் ஊரில் இருக்கக்கூடும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

விசர் வேலை, சுத்தப் பைத்தியக்காரத்தனம். அவ்வளவுதான் பதில்.

நம் வீட்டு வளவுகளில் நாய் இல்லையா? எங்கள் வீட்டில் ஒன்று கிடந்தது. அதை யாரும் வாங்கவில்லை, அதுவாக வந்தது. பேர்கூட வைக்கவில்லை. மிச்சச் சோற்றையும் மீன் தலையையும் தின்றது, வேலிக்கு வெளியே யார் போனாலும் குலைத்தது, ஒருநாள் செத்தது. பசு பால் தருகிறது, ஆடு எரு தருகிறது, கோழி முட்டை போடுகிறது. நாய்க்குச் சீப்பு வாங்கித் தலை வாருகிறவனை நான் ஊரில் கண்டதில்லை. அதைக் காண நான் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் கரியை முகமெல்லாம் அப்பிக்கொண்டு எழும்பூருக்கு வரவேண்டியிருந்தது. வருகிற சித்திரையோடு ஐந்து வருடமாகிறது.

2

புதிதாக வாசிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சிலோனிலிருந்து வந்து மயிலாப்பூர் லஸ் முனையில் ஒரு மாடியில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் சொல்லிக் கொடுக்கிறேன். குடியிருப்பது ஒரு வக்கீல் வீட்டின் பின்கட்டில். நான், மனைவி, பதினொரு வயது மகள் மங்கை. முன்கட்டில் வக்கீலும் அவர் மனைவியும். அந்த அம்மாளைத் தெருவே மாமி என்று கூப்பிடுகிறது, நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை.

போன வருடம் அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். வக்கீல் பிரம்பு சோபா வாங்கப் போனார். சோபாவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினால் கௌரவம் என்னாவது? நாயை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பழுப்பு நிறம், தொங்கு காது, பேர் மேஜர்.

அன்று தொடங்கியது கூத்து. மேஜருக்கு மவுண்ட் ரோடு கடையிலிருந்து பிஸ்கோத்து டின். மேஜருக்குத் தனிச் சோப்பு. மேஜருக்கு லேசாக இருமல் வந்தால் மிருக வைத்தியர் வண்டி கட்டிக்கொண்டு வருவார். அந்த மனிதர் என் மகளுக்கு அம்மை போட்டபோது எட்டிப் பார்த்த எல்.எம்.பி. டாக்டரைவிட அதிகம் வாங்குகிறார். மாமி வீட்டில் முட்டைகூட நுழையாது. ஆகையால் எலும்பை வேக வைக்கப் பின்வாசலில் வண்டிக் கொட்டகையோரம் தனி அடுப்பு, தனிச் சட்டி, அதற்கென்று தனி ஆள்.

எல்லாவற்றுக்கும் மேலே பாஷை. வக்கீல் பெண்டாட்டியிடம் தமிழில் பேசுவார், நாயிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். "சிட் டவுன், மேஜர்! கம் ஹியர், மேஜர்!" என்று காலையில் தெரு முழுக்கக் கேட்கும். ஹைகோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் வாயே திறக்காத மனிதர் என்று கேள்வி. நாய்க்கு முன்னால் வெளுத்து வாங்குவார்.

"என்ன மாஸ்டர், எப்படி இருக்கான் பாத்தேளா? ஒரு வார்த்தை சொன்னாப் போறும், அப்படியே புரிஞ்சுக்கறான்" என்பார் என்னிடம்.

நாய் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வாடகைக்கு இருப்பவன் என்ன சொல்ல முடியும்? "கெட்டிக்கார நாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சிரிப்பேன்.

இவர் ஒருவர்தான் என்று நினைக்காதீர்கள். இந்தப் பட்டணமே இப்படித்தான். தியாகராய நகரில், ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில், ஒரு கண்டிராக்டர் வெள்ளைக் கிளி ஒன்று வைத்திருக்கிறார். அவர் வீட்டு வேலைக்காரி பழத்தைக் கிளிக்கு உரித்து ஊட்டிவிட்டுத் தோலைத் தன் பிள்ளைக்குக் கொண்டுபோகிறாள். திருவல்லிக்கேணியில் அத்தர் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் மொட்டைமாடி நிறையப் புறாக் கூண்டு வைத்திருக்கிறார். அவர் மகன் என்னிடம் தட்டெழுத்துப் படிக்கிறான். "இதால உங்களுக்கு என்ன லாபம் பாய்?" என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்கோ? காலைல தொறந்து உடறேன். எங்கெங்கியோ சுத்திகினு இருக்குது. பொழுது சாய்ஞ்சா என் வூட்டுக்குத்தான் வருது. வேற இன்னா லாபம் வோணும்?" என்றார்.

நல்ல லாபம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தர் வாசனை மனுஷனுக்கு மூளைக்கு ஏறிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

3

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய்க்கதையில் மகள் எங்கே வந்தாள் என்று கேட்காதீர்கள், வருவாள்.

ஆறு வயதில் அவளை இங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். முதல் நாள் டீச்சர் பேர் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். "ஓம்" என்றாள் பிள்ளை, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைக் கண்டதும் "ஓம், ஓம்" என்று கைகூப்பிப் பூசை செய்தார்களாம். அழுதுகொண்டு வந்தாள். பிறகு ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. திறந்தபோது வந்தது அசல் மயிலாப்பூர்ப் பேச்சு. "படிச்சிண்டு இருக்கேன்ப்பா." "பசிக்கலேம்மா." "அவா ஆத்துல கொலு வெச்சிருக்கா."

வீட்டிலும் அதே பேச்சுத்தான். தாய், "பிள்ளை, சீப்பை எடுத்துக்கொண்டு கெதியா வா, தலை இழுத்து விடுறன்" என்று கூப்பிட்டால், "இப்படி கத்தாதீங்கோம்மா, தெருவுல கேக்கும்" என்பாள். ஒருநாள் அவளுடைய சிநேகிதி வந்திருந்தபோது தாயை அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் மனைவி அன்று வெங்காயம் உரிக்காமலே அழுதாள்.

எனக்கு மட்டும் எப்படி இருந்திருக்கும்? சொந்த மகள், நான் பெற்ற பிள்ளை, அடுத்த வீட்டுப் பெண்போலப் பேசுகிறாள். அதட்டிப் பார்த்தேன். அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். அது இன்னும் மோசம். சரி, பிள்ளையாவது பேசட்டும் என்று நானே இறங்கி வந்தேன். எனக்கும் வகுப்பில் மாணவர்களோடு பேசிப் பேசி இந்த ஊர்ப் பேச்சு பழகிவிட்டது. "என்னம்மா படிச்சியா?" "போய்த் தூங்கும்மா." இப்படித்தான் அப்பனும் மகளும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்கிறோம். எங்கள் பேச்சு என் வீட்டில் என் மனைவியோடு முடிந்துபோய்விடும் என்ற பயம் எனக்கு உண்டு. அதை யாரிடம் சொல்வது? சொன்னால், "அட போய்யா, எல்லாம் தமிழ்தானே" என்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் போகிற இடம் வண்டிக் கொட்டகை. அங்கேதான் மேஜரைக் கட்டியிருக்கும். வைக்கோல்போர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து நாயின் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். "கணக்கு ஏறல்லே, நாயோட என்ன கொஞ்சல்?" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவேன். உடனே வாயை மூடிக்கொண்டு எழுந்து வருவாள்.

4

மாசி மாதம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வெயில் ஏறினால் இங்கே தெருநாய் பிடிக்கும் நாய்வண்டியும் அடிக்கடி வரும். விசர்நாய்ப் பயம். லைசென்ஸ் கட்டிய நாய்க்கு நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று தருவார்கள். அது கழுத்துப் பட்டையில் தொங்கினால் நாய் தப்பும், இல்லாவிட்டால் கண்ணிக் கயிறுதான். இங்கிருந்து நான் ஊருக்கு வருவதானால் மண்டபம் நோய்ச் சோதனை முகாமில் நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு என்று ஆயிரம் சோதனை. மேஜருக்கு ஒரு பித்தளை வில்லை போதும், பட்டணத்துப் பிரஜையாகிவிட்டது.

அன்று வக்கீலுடைய தகப்பனாருக்குத் திவசம். மேஜர் வந்தபின் வந்த முதல் திவசம். திவசத்தன்று மாமி வீட்டில் தோல் என்று ஒன்று இருக்கக் கூடாது. செருப்பு, பெல்ட்டு, மணிபர்ஸ், கோர்ட்டுப் பை எல்லாம் விடிவதற்கு முன்பே வண்டிக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்துவிடும். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு மாமி முற்றத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கண் நாயின் மேல் விழுந்தது.

"ஏன்னா, அது கழுத்துல இருக்கறதும் தோல்தானே?"

"அது நாய்டி."

"நாயா இருந்தா என்ன? தோல் தோல்தானே? பித்ருக்கள் வர்ற நாள். கழட்டுங்கோ."

வக்கீல் கழற்றினார். ஈர வேஷ்டியோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழற்றிச் செருப்புகளோடு ஆணியில் மாட்டினார். பட்டையோடு வில்லையும் போயிற்று. அதை மாமியும் யோசிக்கவில்லை, லா படித்த மனுஷனும் யோசிக்கவில்லை. பட்டைக்குப் பதிலாக ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கழுத்தில் சுற்றிக் கட்டிவிட்டு மறுபடியும் குளிக்கப் போய்விட்டார். சாப்பிட்ட இலையைத் தூக்கத் தெரியாத மனுஷன் போட்ட முடிச்சு எத்தனை நேரம் நிற்கும்?

சாயந்தரம் நான் வீடு திரும்பும்போது மங்கை தெருமுனையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜட்கா வண்டிக்காரர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாய்வண்டி வந்துச்சு சார். உங்க நாய் சும்மா ரோட்ல நின்னுகினு இருந்துச்சு. கய்த்துல பட்டை இல்லே, வில்லை இல்லே. நான் சொன்னேன், இது வக்கீல் வூட்டு நாய்ப்பா உட்டுடுன்னு. இன்னா பண்றது? ஏத்திகினு போய்ட்டாங்கோ."

"ரெண்டு நாள்தான் வெச்சிருப்பாளாம்ப்பா. அப்புறம் கொன்னுடுவாளாம்" என்றாள் மங்கை.

நான் முன்கட்டுக்குப் போனேன். வக்கீல் வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இன்னிக்கு திவசம், நான் எப்படி அங்கே போறது மாஸ்டர்?"

"நாளைக்குப் போகலாமே?"

"நாளைக்கு ஹைகோர்ட்டில கேஸ் இருக்கே." வெற்றிலையை மென்று முடித்தார். "போனாப் போறது, விடுங்கோ. பெங்களூர்ல ஒருத்தர் அல்சேஷன் குட்டி தரேன்னு சொல்லிண்டிருக்கார். அது இன்னும் நல்ல ஜாதி."

பாருங்கள். பிஸ்கோத்தும் சோப்பும் வைத்தியருமாக அத்தனையும் கொட்டினவருக்கு அந்த நாய்க்காக ஒரு டிராம் டிக்கெட் வாங்க மனம் வரவில்லை. அவர் செலவு செய்தது நாய்க்கு அல்ல, தெருவில் நாலு பேர் பார்ப்பதற்கு. இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இரவு மங்கை சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. நீங்களாவது ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

"வேறை ஆக்களின்ரை நாய்க்கு நான் பட்டணம் முழுக்க அலையிறதோ? உமக்கும் விசரே?"

"நாய்க்கில்லை, பிள்ளைக்கு" என்றாள்.

5

மறுநாள் வகுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். டிராமில் நாய்ப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த எனக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிடித்த நாய்களை அடைக்கும் கொட்டடியை அண்டவே முடியாது, அப்படி ஒரு நாற்றம். மேசைக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா என்னையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைசென்ஸ் யார் பேர்ல கீது?"

"வக்கீல் பேரில். நான் அவர் வீட்டில் குடியிருக்கிறேன்."

"நாய்க்கு அடையாளம்?"

"பழுப்பு நிறம்."

"உள்ளே போய்ப் பாரு சார், பாதி நாய் பழுப்புதான். பட்டை உன் கையில கீது, நாய் உள்ளே கீது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் எப்படி நம்பறது? நாளைக்கு வேற ஒருத்தன் வந்து என் நாயை ஏன் குடுத்தேன்னு கேட்டா? கூப்பிடு. உன்கிட்ட வந்தா இட்டுகினு போ."

கம்பிக்குள் இருந்த நாய்களில் சில குலைத்துக்கொண்டும் சில சுருண்டு படுத்துக்கொண்டும் கிடந்தன. மூலையில், சேற்றில் புரண்ட ஒன்று முகத்தைச் சுவருக்குக் கொடுத்துப் படுத்திருந்தது. அதுதான் மேஜர் என்று எனக்கு ஒரு சந்தேகம். வக்கீல் மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேஜர்! கம் ஹியர்!" என்றேன்.

அசையவில்லை.

"மேஜர், கம்! குட் பாய்!"

ஒரு காதுகூட ஆடவில்லை. குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்த ஊரில் எனக்கு எத்தனையோ அவமானம் நேர்ந்திருக்கிறது, இப்படி ஒன்று நேர்ந்ததில்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை மறந்து, ஊரில் பெற்றவர்கள் பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி, "எட சனியனே, இஞ்சை வா! கெதியா வா!" என்று கத்திவிட்டேன்.

நாய் தலையைத் தூக்கியது. "இஞ்சை வா" என்றேன் மறுபடியும். எழுந்தது. மற்ற நாய்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, கம்பிக்கு நடுவில் மூக்கை நுழைத்து என் கையை நக்கியது. வால் ஆடிய ஆட்டத்தில் பின்பக்கமே ஆடியது.

"இன்னா சார், உங்க ஊர்ப் பேச்சுக்குத்தான் வருது!" என்றார் குமாஸ்தா.

வக்கீல் அதனோடு இங்கிலீஷ் பேசுவார். மாமி "அந்தண்ட போ" என்பதோடு சரி. என் மனைவி நாயின் பக்கமே போகமாட்டாள். எலும்பு வேக வைக்கிறவன் தெலுங்குக்காரன். பிறகு யார் இந்த நாய்க்கு "இஞ்சை வா" சொல்லிக் கொடுத்தது? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்றத்தால் என்று குமாஸ்தா நினைத்திருப்பார்.

6

நாயோடு டிராமில் ஏற்றமாட்டார்கள். லஸ் வரை நடந்தே வந்தேன். வாசலில் மாமி கையை நீட்டித் தடுத்தாள்.

"எந்தெந்தத் தெரு நாயோட கிடந்துதோ! அது இனிமே ஆத்துக்குள்ள வரப்படாது."

வக்கீல் பின்னாலிருந்து, "நீங்களே வெச்சுக்கோங்கோ மாஸ்டர். எனக்கு அல்சேஷன் வரப்போறதே" என்றார். ஏலத்தில் எடுத்த சோபாவாக இருந்தால் கொடுத்திருப்பாரா?

பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மங்கை பள்ளிக்கூடப் பையை எறிந்துவிட்டு ஓடிவந்து அந்தச் சேற்று நாயைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கை போனனீ? ஆரும் அடிச்சவையோ ராசா? உன்னைக் காணேல்லை எண்டு நான் சாப்பிடவும் இல்லை. பயந்து போனியோ?"

என் மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஐந்து வருடத்துக்கு முந்திய எங்கள் பிள்ளையின் குரல் அது. ஒரு சொல் குறையவில்லை.

பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா. எங்கேப்பா இருந்துது?" என்றாள்.

நாய்க்கு அது, எனக்கு இது.

7

சுன்னாகத்து நண்பருக்கு என் பதில் மாறவில்லை. வளர்ப்புப் பிராணிக்குப் பணம் செலவழிப்பது வீண். நாய் வைத்தியர் கொள்ளைக்காரர். பிஸ்கோத்து மாவும் சர்க்கரையும்தான், எங்கள் மேஜர் இப்போது பழைய சோற்றில் நன்றாகத்தான் இருக்கிறது. லைசென்ஸை என் பேருக்கு மாற்ற நான் மூன்று மேசைக்கு முன்னால் நின்றேன். மூன்றாவது மேசைக்காரர் என் சொந்த ஊர் எது என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சிலோன்காரர் இங்கே நாய் வைத்திருக்கலாமா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களோடு பேசுகிறார்கள்தானே? பிறகு எதற்கு நாய்?

நான் எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சாயந்தரம் வகுப்பு முடிந்ததும் இப்போது நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம், விளக்கை ஏற்றாமல், திருடன் மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். வண்டிக் கொட்டகைப் பேச்சு நன்றாகக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், கணக்கு டீச்சர் எப்படி நடப்பாள், ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் எத்தனை மாமரம் நின்றது எல்லாம் நாய்க்குச் சொல்கிறாள். தாயின் சமையலை மெச்சுகிறாள். நேரே ஒருநாளும் மெச்சியதில்லை.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவன்" என்றாள் நாயிடம். "அங்கை எல்லாரும் உன்னோடை இப்பிடித்தான் கதைப்பினம். அம்மாவும் கதைப்பா. அப்பாதான் பாவம். அவருக்கு எங்கடை பேச்சு மறந்து போட்டுது. என்னோடை பட்டணத்து ஆக்கள் மாதிரித்தான் கதைக்கிறார். நானும் சரியெண்டு அப்பிடியே கதைக்கிறன்."

நான் இருட்டிலிருந்து எழுந்து பின்வாசலுக்குப் போனேன்.

"பிள்ளை, இஞ்சை வா. நேரம் போட்டுது, சாப்பிடுவம்."

முதலில் எழுந்து ஓடிவந்தது நாய்தான். அவள் வைக்கோலை விட்டு எழும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஓம் அப்பா" என்றாள்.